தோம்பும் லயமும்: சனாதனனின் தாபனக் கலை குறித்து மலைநாட்டிலிருந்து ஒரு நோக்கு

1

ஈழத்துத் தமிழ்க் கலை விமர்சனம் பெரும்பாலும் இலக்கியத்தையும் நாடகத்தையும் சுற்றியே வளர்ந்து வந்துள்ளது. நாவலின் வர்க்கச் சார்பு பற்றியும் கூத்தின் சமூக அடித்தளம் பற்றியும் நாம் நிறையவே விவாதித்துள்ளோம். ஓவியம், சிற்பம் முதலிய கட்புலக் கலைகளைப் பொறுத்தவரை அத்தகைய விவாதம் அருகியே காணப்படுகிறது. அதிலும் கடந்த மூன்று தசாப்தங்களில் இலங்கையில் வேரூன்றியுள்ள தாபனக் கலை, ஒரு சிறு வட்டத்தினரின் அக்கறையாகவே இன்றும் கருதப்படுகிறது. நிறுவற் கலை எனவும் இதனை அழைப்பர். ஓரிடத்தில் பொருட்களை ஒழுங்குபடுத்தி வைத்து, பார்ப்போன் அவ்விடத்தினுள் நடமாடியும் தொட்டும் திறந்தும் அதனை அனுபவிக்கச் செய்வதே இக்கலையின் இயல்பாகும். இதன் ஒரு பிரிவில், பார்ப்போர் படைப்பின் ஆக்கத்திலேயே பங்குகொள்வர். பொருளைத் தருவோரும் கதையைச் சொல்வோரும் அவர்களே.

இக்கலை பற்றி நம்மிடையே இரு எதிர்வினைகள் உள்ளன. மேற்கிலிருந்து இறக்குமதியான விளங்காப் புதுமை என்று இதனை ஒதுக்குவது ஒன்று. மக்கள் பங்குகொள்வதனாலேயே இது மக்கள் கலை என்று கொண்டாடுவது மற்றையது. இரண்டும் ஆய்வுக்கு உதவா. பங்குபற்றல் என்பது தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. யார், எந்த உற்பத்தி உறவுகளுக்குள் நின்று, எதனைக் கொடுத்துப் பங்குகொள்கின்றனர் என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை முன்வைத்து, இத்துறையில் நீண்டகாலம் இயங்கிவரும் தமிழ்க் கலைஞரான தாமோதரம்பிள்ளை சனாதனனின் கலை வாழ்வை இக்கட்டுரை நோக்குகிறது. அவரது களம் யாழ்ப்பாணம். நாம் நோக்கும் இடமோ கண்டியும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளும். இவ்விட வேறுபாடு தற்செயலானதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கும்போது முழுமையாகத் தோன்றும் சில விடயங்கள், மலைநாட்டிலிருந்து நோக்கும்போது வேறு விதமாகத் தெரிகின்றன.

2

பார்ப்போனைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் கலைக்கு மேற்கிலே ஒரு வரலாறு உண்டு. சோவியத் கலைஞரான எல் லிசிட்ஸ்கி 1923இல் பெர்லினில் அமைத்த 'புரூன் அறை' அதன் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. சுவரில் தொங்கும் படத்தைவிட்டு, அறை முழுவதையுமே படைப்பாக்கும் முயற்சியாக அது அமைந்தது. மனிதன் வாழும் வெளியை மாற்றியமைக்க வேண்டும் என்ற அக்டோபர் புரட்சியின் உத்வேகம் அதன் பின்னணியில் இருந்தது. பிரேசிலின் ஹேலியோ ஓயிட்டிசிக்கா 1967இல் ரியோ டி ஜெனீரோவில் 'ட்ரோபிக்காலியா' என்ற படைப்பை வைத்தபோது, குடிசைப் பகுதிகளின் கட்டட அமைப்பினை அருங்காட்சியகத்தினுள் கொண்டுவந்தார். அக்காலத்தில் பிரேசிலில் நிலவியது இராணுவ ஆட்சியாகும். இக்கலையின் வரலாற்றில் செல்வந்தரின் பொழுதுபோக்கோடு ஒடுக்கப்பட்டோரின் குரலும் கலந்தே வந்துள்ளது என்பது இவற்றால் புலனாகும்.

வால்டர் பெஞ்சமின் 1934இல், ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கருத்துக் கொண்டுள்ளது என்பதைவிட, அவ்வுறவுகளுக்குள்ளே அது எங்கு நிற்கிறது என்பதே முதன்மையான வினா என வற்புறுத்தினார். நுகர்வோரை உற்பத்தியாளராக மாற்றும் அளவிலேயே படைப்பின் தரம் அமையும் என்பது அவரது நிலைப்பாடு. பங்குபற்றற் கலையை மதிப்பிடுவதற்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் ஒன்றைக் காண்பது அரிது.

இனி, நமது சூழலுக்கு வருவோம். கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பக்க தேவாலயத்தின் மரத்தூண்களைக் காணும் எவரும் அவற்றின் செதுக்கு வேலைப்பாட்டை வியப்பர். கண்டி இராச்சியத்தின் கைவினைஞர் நிலமானியத்துக்கு ஈடாகத் தமது தொழிலைச் சேவையாக வழங்கினர். இராசகாரிய முறையின் ஒரு கூறு இது. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததும், 1830களின் தொடக்கத்தில் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டதும் அக்கலைஞரின் வாழ்வாதாரத்தைத் தகர்த்தன. 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூலில் ஆனந்த குமாரசுவாமி இவ்வீழ்ச்சியை ஆவணப்படுத்தினார். அவர் பழைய சமூகத்தை இலட்சியமாக்கியே நோக்கினார். அதன் சாதிப் படிநிலையின் கொடுமை அவர் பார்வையில் மங்கியே தெரிந்தது. எனினும், கலை நிலவுறவிலிருந்து பிரிக்கப்பட முடியாதது என்ற உண்மையை அவரது நூல் நமக்கு உணர்த்துகிறது.

அதே மலைகளில் தோட்டத் தொழிலாளர் வளர்த்தெடுத்த காமன் கூத்தும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றப்பட்டது முதல் காமதகனம் நிகழும் வரை, தோட்டம் முழுவதுமே கூத்தின் களமாகிவிடுகிறது. அங்கே ஆடுவோர்க்கும் பார்ப்போர்க்கும் இடையே உறுதியான எல்லைக்கோடு கிடையாது. தாபனக் கலையின் மூலவடிவம் காமன் கூத்து என்று கூறுவது வரலாற்றைத் திரிப்பதாகும். பங்குகொள்ளும் கலை நம்மவர்க்கு அந்நியமானதன்று என்பதை மட்டும் கூறினால் போதும்.

3

நவீன இலங்கைக் கட்புலக் கலையின் முக்கிய திருப்பம் 1943இல் தோன்றிய '43 குழு'வாகும். கொழும்பின் ஆங்கிலம் கற்ற மத்தியதர வர்க்கத்தின் அழகியற் தேவைகளையே அது பெரிதும் பிரதிபலித்தது. ஓவியம் வீட்டுச் சுவரில் தொங்கும் உடைமையாகவே நீடித்தது. இந்நிலையினை உடைத்தவை 1987-89 காலத்தின் தென்னிலங்கைப் படுகொலைகளும் வடக்கு-கிழக்குப் போருமேயாகும். ஜகத் வீரசிங்க 1992இல் நடத்திய கண்காட்சி, தொண்ணூறுகளின் புதிய போக்குக்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. எம்பிலிப்பிட்டியவில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவரின் நினைவாக அவர் உருவமைத்த நினைவிடம் 1999இல் பத்தரமுல்லையில் எழுந்தது; பின்னர் அது அகற்றப்பட்டது. சந்திரகுப்த தேனுவர 1997இல் வீதித் தடைகளின் பீப்பாய்களையே கலைப்பொருளாக்கினார். அவர் வடிவமைத்த காணாமற்போனோர் நினைவுச்சின்னம் 2000ஆம் ஆண்டு முதல் சீதுவையில் நிற்கிறது. ஆண்டுதோறும் ஒக்டோபர் 27ஆம் திகதி உறவினர் அங்குகூடி மலர் வைக்கின்றனர்.

இவ்விரு நினைவிடங்களின் கதையும் ஒரு பாடத்தைத் தருகிறது. கலைஞரின் எண்ணம் இரண்டிலும் உயர்ந்ததே. ஆனால் ஒன்று அகற்றப்பட்டது, மற்றொன்று நிலைத்தது. நிலைத்ததைச் சூழ்ந்து, ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு மக்கள் கூட்டம் இருந்தது. பங்குபற்றற் கலையின் ஆயுளைத் தீர்மானிப்பதில் கல்லையும் சீமெந்தையும்விட அமைப்பாகத் திரண்ட மக்களுக்கே பெரும் பங்குண்டு.

4

1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த சனாதனன் தில்லியில் ஓவியம் பயின்றவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிப்பவர். ஓவியராகத் தொடங்கிய அவர் பொருட்களை நோக்கித் திரும்பியதற்குப் போரே காரணம். வீடும் ஆவணமும் பிம்பமும் அழிந்துபோன ஒரு சமூகத்தில், எஞ்சிய பொருளே வரலாற்றின் சான்றாகிறது.

இவ்வுண்மை முதன்முதல் தெளிவாக வெளிப்பட்டது 2004இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 'அகம்-புறம்' கண்காட்சியின் பகுதியாக அவர் அமைத்த 'வரலாறுகளின் வரலாறு' என்னும் படைப்பிலாகும். குடாநாட்டு வீடுகளிலிருந்து மக்கள் தாமாகத் தந்த பல நூறு சிறு பொருட்களை, ஒளிபுகும் கொள்கலங்களில் அடைத்து, நூலக அடுக்குகளில் நூல்கள் போல அவர் வைத்தார். 1981 மே 31ஆம் திகதி இரவில் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த நூலகம் அது. மீளக் கட்டப்பட்டு அண்மையில்தான் திறந்திருந்தது. எரிந்த ஏட்டின் இடத்தில் எரியாது தப்பிய வீட்டுப்பொருள் வந்து அமர்ந்தது. கொடுத்தவரும் பார்ப்பவரும் ஒரே சமூகத்தவராயிருந்தமை இப்படைப்பின் தனிச்சிறப்பாகும். பெஞ்சமினின் அளவுகோலுக்கு இது மிக நெருங்கி வருகிறது. அரசாங்க வரலாறும் இயக்க வரலாறும் எழுதிய பெருங்கதைகளுக்கு வெளியே, சாதாரண மனிதன் தன் கையில் மிஞ்சிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்தபோது அவன் வரலாற்றின் உற்பத்தியாளனானான்.

இதே முறையினை அவர் கனடாவுக்கும் கொண்டு சென்றார். வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில், புலம்பெயர்ந்த தமிழர் தந்த பொருட்களைக் கொண்டு 'வீடு' என்ற கருத்தை அவர் ஆராய்ந்தார். முறை ஒன்றாயினும் சூழல் வேறு. அங்கு பொருளைக் கொடுத்தோர் புலம்பெயர்ந்த சிறுபான்மையினர். அவற்றைப் பார்த்தோரிற் பலர் அவர்களை அறியாதோர். கொடுப்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே அருங்காட்சியகம் என்ற நிறுவனம் வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் சமூகத்தின் தன்னறிவாக இருந்தது, வன்கூவரில் பிறர் அறிவதற்கான சான்றாக மாறும் வாய்ப்பு உண்டு. இது கலைஞரின் குறையன்று. படைப்பு நுழையும் உறவுகளின் விளைவு.

2011இல் வெளிவந்த 'முற்றுப்பெறாத தோம்பு' அவரது ஆக்கங்களுள் மிகச் செறிவானது. நூல் வடிவில் அமைந்த ஒரு தாபனம் என்றே இதனைக் கொள்ளலாம். போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர், தாம் இழந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அதனைக் கட்டடக் கலைஞர் அளவுமுறைப் படமாக மாற்ற, சனாதனன் தம் கற்பனையோவியத்தை அதனருகே வைத்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களையும் உள்ளடக்கும் வகையில் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற பரப்பினை அவர் தேர்ந்தமை தமிழ்த் தேசியத்தின் குறுகிய விளக்கத்தை மறுக்கும் செயலாகும். இனி வரும் ஆய்வாளர் இதனை மறத்தலாகாது.

2016 கொச்சி-முசிறிஸ் கலைவிழாவில் இடம்பெற்ற 'எதிர்ப்பின் பேழை'யோ நூலக அட்டைப் பெட்டகத்தின் வடிவிலமைந்தது. இழுப்பறையைத் திறந்து அட்டையைப் படிப்பதன் மூலமே பார்ப்போன் படைப்பை அடைகிறான். போர்க்காலத்தில் சாதாரண மக்கள் அன்றாடம் உயிர்பிழைக்கக் கையாண்ட வழிகள் அங்கே எதிர்ப்பாகப் பதிவு பெறுகின்றன. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்ட காலத்தில் வாழ்ந்தோர், இவ்வெதிர்ப்பின் பொருளை நன்குணர்வர்.

5

'தோம்பு' என்ற சொல்லை இப்போது சற்று நுணுகி நோக்குவோம். போர்த்துக்கேயர் இலங்கையில் தொகுத்து, ஒல்லாந்தர் திருத்தி வளர்த்த காணிப் பதிவேட்டின் பெயர் அது. வரியும் சேவையும் அறவிடுவதே அதன் நோக்கம். இன்றும் யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் தோம்புப் பெயர் தொடர்கிறது. ஆட்சியாளனின் ஏட்டை எடுத்து, அகதியின் நினைவேடாகச் சனாதனன் புரட்டி வைத்தார். அரசின் பதிவேடு மறுத்ததை மக்களின் கை பதிந்தது. இதுவே அப்படைப்பின் அரசியல் வலிமையாகும்.

ஆயினும் பதிவேட்டைத் தலைகீழாக்கினாலும் பதிவேட்டின் இலக்கணம் அப்படியே எஞ்சிவிடுகிறது. தோம்பில் இடம்பெறுவதற்கு ஒரு வளவு வேண்டும், அதற்கு எல்லை வேண்டும், கிணறும் வேலியும் முற்றமும் வேண்டும். நூலில் இடம்பெற்றோர் யாவரும் நிலவுடைமையாளர் என்பது நமது கருத்தன்று. வடிவத்தைப் பற்றியே இங்கு பேசுகிறோம். 'இழந்த வீட்டை வரைக' என்று கேட்கப்படும்போது, வீடு ஒருகாலத்தில் தன்னுடையதாயிருந்தது என்ற எடுகோள் அக்கேள்வியினுள் உறைந்துள்ளது. இவ்வெடுகோள் பொருந்தாத மக்கள் தொகுதி ஒன்று இந்நாட்டில் உண்டு.

கண்டிச் சீமையின் வரலாறே பதிவேட்டின் வன்முறைக்குச் சான்றாகும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் உடைமையாகக் கொண்டது. தலைமுறைகளாக அவற்றைப் பயன்படுத்திய கண்டிச் சிங்கள விவசாயியிடம் எழுத்தாவணம் இல்லை. அந்நிலமே கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. அதில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் கொணரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்த அவர்களிற் பலர் வழியிலேயே மாண்டனர். 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின் அவர்களது தொகை மேலும் பெருகியது. விவசாயியின் நிலத்தையும் தொழிலாளியின் உழைப்பையும் ஒரே மூலதனமே பறித்தது. இருவரையும் இனத்தால் பிரித்து வைத்தமை அதன் பிந்திய வெற்றியாகும்.

தோட்டத் தொழிலாளியின் பெயர் காணித் தோம்பில் இல்லை, செக்ரோலில் இருந்தது. அவனுக்குக் கிடைத்த லயக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அது தோட்டத்தின் சொத்து. வேலையை இழந்தால் காம்பராவும் போகும். அவன் பெயருக்கு வந்த கடிதமும் தோட்டக் கந்தோரின் ஊடாகவே வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாட்டின் பதிவேட்டிலிருந்தும் நீக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. மனிதர் இங்கே எண்ணிக்கையாகவே பதியப்பட்டனர்.

1958, 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலைநாட்டிலிருந்து தப்பியோடிய பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறினர். காடு வெட்டிக் குடிசை போட்ட அவர்களிற் பலருக்கு அங்கும் உறுதி இல்லை. போர் அவர்களை மீண்டும் பெயர்த்தது. இத்தகைய ஒருவரிடம் 'இழந்த வீட்டை வரைக' என்று கேட்டால், எந்த வீட்டை அவர் வரைவார்? பத்தடி அறையையா, வன்னிக் குடிசையையா, பாட்டன் விட்டுவந்த திருச்சி மாவட்டத்து ஊரையா? தோம்பு 'முற்றுப்பெறாதது' என்று கலைஞர் பெயரிட்டமை இவ்விடத்தில் அவர் எண்ணியதிலும் ஆழ்ந்த உண்மையாகிறது. அது முற்றுப்பெறாமைக்குப் போர் மட்டும் காரணமன்று, வர்க்கமும் காரணமாகும்.

6

எனின், லயத்திலிருந்து எழும் கலை எவ்வாறு அமையும்? இதற்கான விடை மலையகத்திலேயே உருவாகி வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைச் சாயத்தையும் பயன்படுத்திய தேயிலைப் பைகளையும் தம் ஊடகமாகக் கொண்டார். தொழிலாளிக்கு உடைமையாக வீடில்லை. ஆனால் அவள் கை பட்ட பண்டம் உலகெங்கும் உண்டு. இழந்த உடைமையின் இடத்தில் பறிக்கப்பட்ட உழைப்பே இங்கு ஊடகமாகிறது. சனாதனன் கற்பிக்கும் துறையிலிருந்தே இவ்வகைக் கலைஞர் வருகின்றனர் என்பதும் நோக்கற்பாலது. ஆசிரியரின் முறை புதிய வர்க்க அனுபவத்தைச் சந்திக்கும்போது அதன் உள்ளடக்கம் மாறுகிறது.

கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் பீக்கொக் தோட்டத்தின் பழைய லயக் காம்பராக்களில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கியது. தொழிலாளரின் வீட்டுச் சாமான்களும் வேலைக் கருவிகளும் அங்கு சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அதனை எவரும் தாபனக் கலை என்று அழைப்பதில்லை. எனினும் குனிந்து அவ்வறைக்குள் நுழைபவன் தன் உடலாலேயே அதன் நெருக்கத்தை அறிகிறான். வன்கூவர் அருங்காட்சியகத்தில் பொருள் தன் இடத்தைவிட்டுப் பயணம் செய்தது. இங்கே பார்ப்போனே பொருளின் இடத்துக்கு வரவேண்டியுள்ளது.

2023இல் மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறாண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்ற நடைபயணம் இதனினும் ஒரு படி மேற்சென்றது. முன்னோர் நடந்து மாண்ட வழியை மக்கள் தம் கால்களால் மீண்டும் வரைந்தனர். காணி, வீடு, சம்பளம் பற்றிய கோரிக்கைகளும் அந்நடையோடு சேர்ந்து நடந்தன. நினைவுகூரல் அங்கே அரசியற் செயலிலிருந்து பிரிந்து நிற்கவில்லை. கலை வரலாற்றில் இத்தகைய நிகழ்வுக்கு ஓர் இடமுண்டா என்பதை நமது விமர்சகர் விவாதிக்க வேண்டும்.

சனாதனனின் பணியை இக்கட்டுரை குறைத்து மதிப்பிடவில்லை. மக்களிடம் கேட்டு, மக்களின் கையால் வரைவித்து, வரலாற்றை எழுதும் முறையினைத் தமிழ்க் கலைக்கு அளித்தவர் அவர். அம்முறை தந்த துணிவினாலேயே மேற்கூறிய வினாக்களை நாம் எழுப்ப முடிகிறது. பங்குபற்றற் கலையின் அடுத்த கட்டம், இதுவரை கேட்கப்படாதோரிடம் கேட்பதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அவர்களிடம் எதனைக் கேட்பது என்பதை அவர்களோடு சேர்ந்தே தீர்மானிப்பதில்தான் அது தங்கியுள்ளது. அண்மைக் காலத்தில் சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடுகள் எழுந்துள்ளன; ஆயினும் பெருந்தொகையினர் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றனர். அவர்களது பெயரில் உறுதி எழுதப்படும் நாள்வரை தோம்பு முற்றுப்பெறாது. அதுவரை அதன் வெற்றுப் பக்கங்களைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பது கலைக்கும் ஆய்வுக்கும் உரிய பொறுப்பாகும்.